கொல்லைச் செடியிலிருந்து பூக்கடை வரை



நம் இதழுக்கு வரும் கடிதங்களில் சில காலமாக ஒரே ஆசை பல கையெழுத்துகளில் வந்துகொண்டிருக்கிறது. கல்லூரி முடித்த பிள்ளைகள் எழுதுகிறார்கள். பூத்தொழிலில் இறங்க வேண்டும், ஆனால் அது மண்ணையும் நீரையும் கெடுக்காத தொழிலாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த ஆசை எங்கே முளைத்தது என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆயா கொல்லையில் வைத்த பவளமல்லி, தண்ணீர் ஊற்றாமல் அப்பா வேலைக்குக் கிளம்பாத மாடித் தொட்டிகள், பந்தலில் ஏறிய முல்லையை அம்மா விடியற்காலையில் பறித்து மடியில் சேர்த்த அழகு. வீட்டில் இருந்த செடிப் பாசம் அடுத்த தலைமுறையில் தொழில் ஆசையாக வளர்ந்து நிற்கிறது.

பெற்றோரிடமிருந்தும் கடிதங்கள் வருகின்றன. 'படித்த பிள்ளை பூக்கட்டி விற்பதா?' என்ற தயக்கம் அவற்றில் தெரிகிறது. இரு தரப்புக்கும் சேர்த்து என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குத் தீங்கில்லாத பூத்தொழில் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் நேற்றுவரை இருந்த வழக்கம்தான். விட்ட இடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. எடுத்துச் செய்ய மிகவும் பொருத்தமானவர்கள், செடிகளோடு வளர்ந்த இந்தப் பிள்ளைகள்.

நம் கடலூர் மாவட்டத்தில் ஊரும் மரமும் பிரியாதவை. கடலூர் திருப்பாப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. சிதம்பரத்தின் தலமரம் தில்லை. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி அடர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தில்லை மரங்களை இன்று பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். 2022இல் உலகளாவிய ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற காடு அது. விருத்தாசலத்தில் வன்னி, திருவதிகையில் சரக்கொன்றை, இராசேந்திரப்பட்டினம் என்று இன்று வழங்கும் எருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கு. கோயிலுக்கு ஒரு மரம் என்று வைத்து, அதைத் தெய்வத்துக்கு நிகராகக் காத்த மாவட்டம் இது. வேலியோரத்து எருக்குக்கும் அந்த மரியாதை கிடைத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

திருப்பாப்புலியூரின் முழுப்பெயரான திருப்பாதிரிப்புலியூர், எருக்கத்தம்புலியூர், சிதம்பரத்தின் பழைய பெயரான பெரும்பற்றப்புலியூர் ஆகிய மூன்று புலியூர்களையும் இணைக்கும் முனிவர் வியாக்கிரபாதர். அவருடைய கதையை நம் வீடுகளில் பலரும் கேட்டு வளர்ந்திருப்போம். பூசைக்குப் பூப்பறிப்பது அவர் எடுத்துக்கொண்ட தொண்டு. பொழுது விடிந்தால் வண்டு மொய்த்துவிடும். அதற்கு முன் மரமேறினால் பனியில் கால் வழுக்கும், இருட்டில் பழுதான பூ எது, நல்ல பூ எது என்று தெரியாது. ஆகவே இறைவனிடம் அவர் கேட்ட வரம், மரத்தைப் பற்றி ஏறப் புலியின் காலும் இருளில் பார்க்கப் புலியின் கண்ணும். ஆட்சியையும் செல்வத்தையும் கேட்காமல், தன் வேலையைப் பழுதில்லாமல் செய்யும் உறுப்புகளைக் கேட்டவர் என்பதால் பூத்தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டிய பெயராக அவரை நான் கருதுகிறேன்.

அந்தக் கதைக்குள் ஒரு தொழில் பாடமும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் பறித்த மொட்டில் ஈரம் நிற்கும், மணமும் நிற்கும். வெயில் பட்ட பிறகு பறித்த பூ கடைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும். கொள்ளிடக் கரையில் வல்லம்படுகை, வேளக்குடி, அகரநல்லூர்ப் பக்கம் மல்லியும் முல்லையும் காக்கட்டானும் வைத்திருக்கும் குடும்பங்கள் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இறங்குவதற்கு இதுதான் காரணம். குளிர்பதனப் பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை, சரியான நேரத்தில் பறிப்பதாலும் பறித்த பூவை அன்றே உரியவரிடம் சேர்ப்பதாலும் மிச்சப்படுத்தலாம்.

குடும்பத்துச் செடிப் பாசம் பூத்தொழிலாக மலர்ந்ததற்கு நம் மொழியில் பெரிய முன்னோடிகள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, தினமும் பூப்பறித்து, மாலை கட்டிப் பெருமாளுக்குக் கொடுத்தவர் பெரியாழ்வார். அந்த நந்தவனத்தில் துளசிச் செடியருகே கிடைத்த பெண் குழந்தைதான் ஆண்டாள் என்பது மரபு. தந்தை தொடுத்த மாலையை மகள் சூடிப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரைக்கு எழுந்தருளும் அழகருக்கும் இன்றும் போகிறது. ஓர் அப்பாவின் தோட்டமும் ஒரு மகளின் ஆசையும் சேர்ந்து, நூற்றாண்டுகள் தாண்டியும் அறுபடாத ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருக்கின்றன.

இன்னொருவர் திருப்புகலூர் முருக நாயனார். அவருடைய வரலாற்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். அந்த நூல் அரங்கேறிய இடம் நம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபம் என்பது நமக்குக் கூடுதல் பெருமை. முருக நாயனார் நான்கு வகைப் பூக்களைக் கூடைகளில் பறித்துச் சேர்ப்பார். மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்பன அந்த நான்கு. பிறகு தனியிடத்தில் அமர்ந்து, வேளைக்கு ஏற்ற மாலைகளை வகைவகையாகத் தொடுப்பார்.

புதிதாகக் கடை திறக்கும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு கூடைகளையே திட்டமாகக் கொடுக்கலாம். கோட்டுப்பூக் கூடையில் மகிழம், செண்பகம், கொன்றை, பவளமல்லி. கொடிப்பூக் கூடையில் முல்லை, பிச்சி. நீர்ப்பூக் கூடையில் தாமரையும் அல்லியும். நிலப்பூக் கூடையில் சாமந்தி, சம்பங்கி, செண்டு, வாடாமல்லி, கோழிக்கொண்டை. ஒரு கூடை காலியானால் மற்ற மூன்றும் கைகொடுக்கும். மழை மல்லியைக் கெடுத்த வாரத்தில் ஏரித் தாமரை உங்களைக் காப்பாற்றும். ஒரே பூவை நம்பாத தொழில் விலை ஏற்ற இறக்கத்தில் ஆடிப்போகாது.

சோழர் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் ஏராளம். தோட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கும் பூப்பறிப்பவர்களுக்கும் இறைவனுக்குச் சாத்தும் மாலையான திருப்பள்ளித்தாமம் தொடுப்பவர்களுக்கும் வாழ்வூதியம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். பூ வெளியூர்ச் சந்தையிலிருந்து வருவதற்குப் பதிலாக, பயன்படும் இடத்துக்கு அருகிலேயே விளைய வேண்டும், அதில் உழைப்பவர் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன. இன்று உலகம் நிலைத்த பூத்தொழில் என்று பேசுவதன் சாரமும் இவ்விரண்டுதான்.

இந்த வழக்கம் எங்கே அறுந்தது? முதலில் நாரில் அறுந்தது. வாழைப் பட்டையைக் காயவைத்து, நனைத்து, கிழித்து எடுத்த நாரில் பூத்தொடுத்த காலத்தில், வாடிய சரத்தைத் துளசி மாடத்தடியிலோ எருக்குழியிலோ போட்டுவிடுவார்கள். நாரும் பூவும் சேர்ந்தே மக்கின. இப்போது பல கடைகளில் நைலான் நூல், ஜிகினா, பிளாஸ்டிக் குஞ்சம். பூ மக்கிப்போன பிறகும் நூல் மண்ணில் கிடக்கிறது. மண்புழு உரம் போடுகிறவர்கள் கோயில் மாலைகளை வாங்கத் தயங்குவதற்கு இதுவே முதல் காரணம். இறுதி ஊர்வலப் பாதைகளில் பிய்த்தெறியப்படும் மாலைகளும் இப்படித்தான் வாய்க்காலை அடைக்கின்றன.

அடுத்து வந்தது மேடை அலங்காரத்தின் பச்சை ஸ்பாஞ்ச். கல்யாண மண்டபங்களில் பூச்செண்டுகளையும் வளைவுகளையும் குத்தி நிறுத்தப் பயன்படும் இந்தப் பொருள் 1954இல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மிதர்ஸ் என்பவர் உருவாக்கியது. பீனால், பார்மால்டிஹைடு ஆகிய இரண்டையும் கொண்டு செய்த பிசின் நுரை அது. கையில் எடுத்தாலே தூளாக உதிரும். கழுவிய தண்ணீரோடு அந்தத் தூள் வடிகாலுக்கும், அங்கிருந்து நம் கெடிலம் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. 2020இல் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, நீர்வாழ் சிற்றுயிர்கள் இந்தத் துகளை உட்கொள்வதையும் அதிலிருந்து நச்சுப் பொருள்கள் நீரில் கசிவதையும் காட்டியது. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் இந்த ஸ்பாஞ்சை அனுமதிப்பதில்லை. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை அலங்கரித்த ஷேன் கானலி, அந்நாட்டிலேயே விளைந்த பூக்களையும் தழைகளையும் கொண்டு ஸ்பாஞ்ச் இல்லாமல் அந்த வேலையைச் செய்து முடித்தார். அவ்வளவு பெரிய விழாவையே அப்படி நடத்த முடியுமென்றால் நம் ஊர் வரவேற்பு மேடையையும் நடத்தலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பிள்ளைகளின் பக்கம்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மோகோலும் இருக்கிறது. மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டும் பழக்கம் சட்டப்படியே முடிந்துபோன ஒன்று என்பதை அலங்காரம் செய்பவர்களும் மண்டபக்காரர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டால், நம் மாவட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. கொள்ளிடக் கரையிலும் கடலூரை அடுத்த ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் பக்கத்திலும் வாழைத் தோட்டங்கள் உண்டு. தார் வெட்டிய பிறகு மரம் கழிவாகிவிடுகிறது. அதன் பட்டையில் நார் கிடைக்கும். அதன் மட்டையும் தண்டும் ஈரம் தாங்கும். தென்னை ஈர்க்குச்சியால் பூவைக் குத்தி நிறுத்தப் பச்சை ஸ்பாஞ்சுக்கு முன்பே நம் கைவினைஞர்கள் பயன்படுத்திய பொருள் அதுதான். குருத்தோலைத் தோரணம், மாவிலை, பாக்குக் குலை, கூந்தற்பனைக் குலை என்று வாசல் அலங்காரம் முழுவதையும் மரத்திலிருந்தே எடுத்த ஊர் நம்முடையது. ஈர மணல் நிரப்பிய மண்பானையில் கிளைகளை நட்டு வைத்தால் மேடை ஓரத்துக்குப் போதும். மஞ்சள், சிவப்பு எல்லாவற்றுக்கும் பூ இருக்க, சாயம் தெளித்த பூ எதற்கு?

வாடாத மாலை வேண்டுமா? கடலூருக்குத் தெற்கே தியாகவல்லி, நொச்சிக்காடு போன்ற கடலோர மணற்பரப்பில் வெட்டிவேர் விளைகிறது. மணலில் வளர்வதால் வேரைச் சேதமில்லாமல் எடுக்க முடிகிறது. அந்த வேரில் கட்டிய மாலை ஆண்டுக்கணக்கில் நிற்கும், தண்ணீர் தெளித்தால் மணக்கும். மேடையில் சால்வையும் பிளாஸ்டிக் உறையிட்ட பூச்செண்டும் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு வெட்டிவேர் மாலை கொடுத்துப் பாருங்கள். வேரால் மாலை கட்டும் வழக்கத்தின் உச்சம் சிதம்பரத்தில்தான் இருக்கிறது. நடராசப் பெருமானின் தூக்கிய திருவடிக்குச் சாத்தும் குஞ்சிதபாதம் மூலிகை வேர்களால் ஆன மாலை. காவிரிப் படுகையில் குளங்களில் விளையும் நெட்டியும் இதே வரிசையில் சேரும். மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளின் கழுத்தில் விழும் வண்ண நெட்டி மாலை அதில்தான் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிளாஸ்டிக் மல்லிக்கு மாற்றாக நெட்டிப் பூவைக் கொண்டுவர ஒரு தலைமுறைக் கைகள் போதும்.

பருவத்துக்கு ஏற்ற பூவை விற்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம் என்று நினைக்கிறேன். மல்லிக்குப் பங்குனி முதல் ஆடி வரை நல்ல காலம். அப்போது விலை சரிந்து, பறிகூலிக்கே போதாமல் விவசாயி தவிக்கிறார். மார்கழிப் பனியில் பூப்பது குறைந்துவிடும். அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யக்கூடியவர், வாங்குகிறவரிடம் பேசிப் புரியவைக்கும் பூக்கடைக்காரர். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குச் சாமந்தி மாலை அழகு. அந்த மாதத்துக்கென்றே பூக்கும் டிசம்பர் பூவை வீட்டுவேலிகளிலிருந்து நம் தலைமுறை மறந்துவருகிறது. தை மாதத்துக்குச் செண்டும் கோழிக்கொண்டையும் மஞ்சள் கொத்தும். சித்திரை வைகாசியில் கொன்றையும் மல்லியும். மழைக்காலத்துக்குப் பவளமல்லி. ஆனித் திருமஞ்சனத்துக்கு அப்போது எது குவிகிறதோ அது. இப்படி ஒரு பூநாட்காட்டி அச்சடித்துக் கடையில் மாட்டினால் வாடிக்கையாளர் தாமாகவே பழகிக்கொள்வார். தாய்லாந்து ஆர்க்கிட் விமானத்தில் வந்து இறங்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.

விற்ற பூவோடு கடமை முடிவதில்லை. வாடிய பூவுக்கும் பொறுப்பேற்கும் தொழில்கள் இந்தியாவில் வந்துவிட்டன. கான்பூரில் அங்கித் அகர்வால் 2017இல் தொடங்கிய 'ஃபூல்' நிறுவனம், கங்கையில் கொட்டப்படும் கோயில் பூக்களைச் சேகரித்து ஊதுபத்தியாக்குகிறது. ஹைதராபாத்தில் மாயா விவேக், மீனல் டால்மியா என்ற இரண்டு பெண்கள் 'ஹோலி வேஸ்ட்' என்ற பெயரில் இதே வேலையில் இறங்கினார்கள். பெங்களூருவில் யசோதா, ரியா கருத்தூரி என்னும் சகோதரிகள் 2019இல் தொடங்கிய 'ஹூவு' நிறுவனம் பூசைப் பூக்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவர்கள் பூவோடு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள். தந்தை ராமகிருஷ்ணா கருத்தூரி ஆப்பிரிக்காவில் பெரும் ரோஜாப் பண்ணைகளை நடத்தியவர். தந்தை உலகச் சந்தைக்கு ரோஜா அனுப்பினார். மகள்களின் கவனம் பக்கத்து வீட்டுப் பூசையறைக்குத் திரும்பியது.

சிதம்பரம் கீழவீதியிலும் திருப்பாப்புலியூர் சன்னதி தெருவிலும் நாள்தோறும் விற்கும் பூவை நினைத்துப் பாருங்கள். பிறகு திருவிழா நாள்கள். நாரில் கட்டிய மாலை என்றால் அவ்வளவும் உரமாகும். செண்டுப்பூவின் இதழில் சாயம் எடுக்கலாம். ரோஜா, துளசி, வெட்டிவேர்த் துண்டுகளைக் காயவைத்து இடித்தால் ஊதுபத்திக்கும் குளியல் பொடிக்கும் ஆகும். கோயில் நிர்வாகங்களும் நகராட்சிகளும் பூவுக்கென்று ஒரு தனித் தொட்டி வைத்தாலே இளைஞர் குழுக்கள் இந்த வேலைக்கு முன்வரும். நான் இதை உரியவர்களிடம் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

பூவைப் பற்றிப் பேசும்போது விளைவிப்பவரை விட்டுவிட முடியாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் படுகைத் தோட்டங்களில் தண்ணீர் நிற்கிறது. மல்லிச் செடியின் வேர் நீர் தேங்கினால் அழுகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் நம் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. பல வீடுகளில் தாத்தா வைத்த மரம் அந்தப் புயலோடு போனது. அதற்குப் பிறகு மறுபடி நட்ட கைகள்தான் இன்று நம்மோடு பேசும் பிள்ளைகளின் பெற்றோர். மண்ணைப் பயிரோடு சேர்த்து நேசிக்க இந்த மாவட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் மருதூரில் பிறந்த வள்ளலார். பயிரின் வாட்டத்தைத் தன் வாட்டமாக உணர்ந்த அவருடைய வழியில் வந்தவர்கள் நாம்.

இடரைத் தாங்கும் விவசாயிக்குப் பூக்கடைக்காரர் செய்யக்கூடிய நல்லது, நேரடியாகப் பேசி, ஆண்டு முழுவதற்கும் ஒரு நியாய விலையை ஒத்துக்கொண்டு வாங்குவது. அந்த உறவு இருந்தால்தான் மருந்தைக் குறையுங்கள் என்று கேட்கும் உரிமையும் வரும். மல்லியில் மொட்டுப்புழுவுக்குப் பயந்து அடிக்கும் பூச்சிமருந்து, பறிக்கும் பெண்ணின் விரலுக்கும் தொடுப்பவரின் மூச்சுக்கும் சூடுபவரின் தலைக்கும் வருகிறது. வேப்பெண்ணெய்க் கரைசல், விளக்குப் பொறி, வரப்பில் செண்டு நட்டு வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைப்பது என்று வழிகள் உண்டு. வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்ன இயற்கை வேளாண்மை நெல்லுக்கும் காய்கறிக்கும் பேசப்பட்ட அளவுக்குப் பூவுக்கு இன்னும் பேசப்படவில்லை. அதைப் பேசவைக்க வேண்டியவர்கள் புதிய பூத்தொழில் பிள்ளைகள்.

முழம் போட்டு விற்கும் பூக்காரம்மாக்களையும் மறந்துவிடக் கூடாது. தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் இருக்கும் தொடுப்பு நுட்பம் எந்தக் கல்லூரியிலும் இல்லை. தலைமுறையாகக் கோயிலுக்கு மாலை கட்டிவரும் பண்டாரக் குடும்பங்களிடம் மாலை வகைகளின் பேரறிவு இருக்கிறது. புதிதாகக் கடை திறப்பவர் அவர்களைப் போட்டியாக நினைக்காமல் ஆசிரியர்களாக நினைத்து, கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொண்டால் கடையும் நிலைக்கும், கலையும் நிலைக்கும்.

தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே கடை வாடகையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் இருக்கும் செடிகளைக் கணக்கெடுங்கள். எது எந்த மாதம் பூக்கிறது, ஒரு செடி எவ்வளவு தருகிறது, பறித்த பூ எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஓர் ஆண்டு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடுதான் உங்கள் முதல் மூலதனம். அடுத்து, தெருவில் உள்ள சில வீடுகளுக்குத் தினசரிப் பூசைப் பூவை வாழையிலையில் மடித்துக் கொடுங்கள். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா போன்ற சிறு விசேஷங்களை எடுத்துச் செய்யுங்கள். கல்யாண மேடைக்குப் பிறகு போகலாம். கணக்கில் கவனமாக இருங்கள். நைலான் நூலைவிட நாருக்குக் கை அதிகம் பிடிக்கும். அந்த உழைப்பின் விலையை மறைக்காமல் சொல்லி வாங்குங்கள். உண்மையைச் சொன்னால் கொடுப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

படிக்க வேண்டுமென்றால் வெளியூர் ஓட வேண்டாம். 1929இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலமும் அதில் தோட்டக்கலைத் துறையும் இருக்கின்றன. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நடவு, உரம், பூச்சி மேலாண்மை பற்றிய கேள்விகளை அங்கே கொண்டு போகலாம். வீட்டில் ஆயா இருந்தால் அவரிடமும் உட்காருங்கள். எந்தக் கிளையை எப்போது கவாத்து செய்தால் அடுத்த பருவம் நிறையப் பூக்கும் என்று அவர் சொல்வதையும் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பூ விற்பது படிப்புக்குக் குறைவான வேலை என்று நினைக்காதீர்கள். பிறந்த குழந்தையின் தொட்டிலிலிருந்து கடைசிப் பயணம் வரை நம் வாழ்வின் ஒவ்வொரு நாளிலும் உடன் வரும் தொழில் அது. மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடலுக்கு எழுந்தருளும்போது, வழியில் தைக்காலில் இஸ்லாமியப் பெருமக்கள் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்கிறார்கள். மதம் கடந்து மனிதரைச் சேர்த்து வைக்கும் வல்லமை ஒரு மாலைக்கு இருக்கிறது என்றால், அதைக் கட்டும் கைக்கு மரியாதை குறைவாக இருக்க முடியாது. அதிலும் மண்ணைக் கெடுக்காமல் கட்டுவேன் என்று உங்கள் பிள்ளை சொல்கிறதென்றால், நீங்கள் செடிக்கு ஊற்றிய தண்ணீர் வீண்போகவில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக, வாசகர்களான உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். நாளைக்குப் பூ வாங்கும்போது 'நாரில் தொடுத்த சரம் இருக்கிறதா?' என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் அது கடைக்கு வந்துவிடும். வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் ஸ்பாஞ்சும் தெர்மோகோலும் பிளாஸ்டிக் பூவும் வேண்டாம் என்று அலங்காரக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இடம் இருந்தால் கொல்லையிலும், இல்லாவிட்டால் தொட்டியிலும் உங்கள் ஊருக்குரிய ஒரு பூச்செடியை வையுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் யாராவது ஒரு பெண்ணோ பையனோ இந்தத் தொழிலைத் தொடங்கினால் வாழ்த்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்களுடைய முதல் ஆர்டர் உங்கள் வீட்டு விசேஷமாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்